நேசமலரின் பிரிட்டிஷ் பேய்கள்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் அந்த நாளில் தமிழ் வகுப்பு என்று ஒன்று நடந்தது. அது பிள்ளைகளுக்காக நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்மநாபனுக்காக நடந்தது. மனிதர் மாம்பலத்துக்காரர், எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இவ்வளவு இருந்தும் பெயருக்குப் பின்னால் 'தலைவர்' என்று போட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில், லாண்டரி அறைக்குப் பக்கத்து அறையை சனிக்கிழமை காலைக்குக் கேட்டு வாங்கி, தமிழ் வகுப்பு ஆரம்பித்து, அதற்குத் தலைவரானார். டிரையர் ஓடும் சத்தத்தில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கும் வேலை மட்டும் எங்கள் தலையில் விழுந்தது.

எங்கள் என்றால் நானும் நேசமலரும். நான் திருவல்லிக்கேணிக்காரி, மருந்துக் கம்பெனி லாபில் வேலை. சனிக்கிழமை வீட்டில் இருந்தால் கணவர் எதையாவது கழற்றிப்போட்டு ரிப்பேர் செய்கிறேன் என்று என்னை டார்ச் பிடிக்க வைப்பார். அதற்கு பயந்தே வகுப்புக்கு வந்தேன். நேசமலர் வந்த காரணம் வேறு. வாரத்தில் அவளுக்கென்று இருந்த நேரம் அந்த இரண்டு மணி மட்டும்தான்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஒருமுறை அக்கா என்றதற்கு முறைத்தாள். வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லியே வேலை வாங்குகிறார்கள், நீயும் ஆரம்பிக்காதே என்றாள். என்னை அவள் 'நீர்' என்பாள். எங்கள் ஊரில் நாடக ராஜாக்கள்தான் அப்படிப் பேசுவார்கள். 'ருக்மிணி, அந்த டஸ்டரை எடும்' என்று அவள் சொன்னால் எனக்குச் சிரிப்பாக வரும், ஆனால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள். இரண்டு பேரைப் பேச இணைத்துவிட்டு, கவனமாகத் தானும் கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் பேச்சும் காணிச் சண்டையும் அவள் காது வழியாகத்தான் போயின. அதனால் எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். பத்மநாபன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'ஆக்சுவலி' என்பதை அவள் செய்து காட்டியபோது நான் லாண்டரி அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அவளுடைய தம்பி பேரின்பநாதன் கெமிஸ்ட். படித்து முடித்ததும் அமெரிக்கா வந்துவிட்டார். நோயில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள நேசமலர் அங்கேயே நின்றாள். அம்மா போனதும் அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வதாகத்தான் பேச்சு. அம்மா போன பிறகு போனில் கேட்டபோதெல்லாம், "வேலை பிசியில மறந்துபோனன் அக்கா" என்றார். அடுத்த வருடமும் மறந்தார். அதற்கடுத்த வருடமும் மறந்தார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரமும் வந்து, ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதுவும் டாக்டரான அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை கிடைத்து, மகள் ஷாமினியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்ட மாதத்தில். இதை நேசமலர் குறையாகச் சொல்லவில்லை. ஒருநாள் வகுப்பில் சாக்பீஸ் உடைத்துக்கொண்டே செய்தி போலச் சொன்னாள். எனக்குத்தான் பேரின்பநாதனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சமையல், துணி, ஷாமினி, மறுபடி சமையல். இதுதான் அவளுடைய அமெரிக்கா. சனிக்கிழமை வகுப்புக்குத் தம்பி விட்டதற்கும் ஒரே காரணம்தான், அவள் வராவிட்டால் ஷாமினியை அவரே கூட்டிவர வேண்டும்.

அந்த இரண்டு மணிக்கும் ஆபத்து வந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை டிவியில் கார்ட்டூன் ஓடும்போது எந்தப் பிள்ளை டிரையர் சத்தத்தில் உட்கார்ந்து 'ஙப்போல் வளை' எழுதும்? பத்மநாபனுடைய மைத்துனர் சுவாமிநாதன், தமிழ் எம்.ஏ., சென்னையிலிருந்து வந்திறங்கியிருந்தார். ஆண்டு விழாவுக்குள் பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் வகுப்பை சுவாமிநாதனிடம் கொடுத்துவிடலாம் என்று பத்மநாபன் சொல்லிவிட்டார். "நீங்க ஹெல்ப் பண்ணலாம் மேடம். ஆனா குழந்தைங்க சிலோன் தமிழ் பிக்கப் பண்ணிடறாங்கன்னு பேரன்ட்ஸ் ஃபீல் பண்றாங்க" என்றார். எந்தப் பேரன்ட் என்று நான் கேட்டேன். ஆக்சுவலி, என்று ஆரம்பித்து வேறு எங்கோ போய்விட்டார். பிள்ளைகள் எந்தத் தமிழையும் பிக்கப் பண்ணவில்லை என்பதுதான் உண்மை. எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். அதில் முதலிடம் ஷாமினிக்கு.

நேசமலர் அன்று கரும்பலகையைத் துடைத்தாள். போகும்போது, "இதுவும் போச்செண்டா நான் வீட்டுக்குள்ளேயே கிடந்து குக்கரோட கதைக்க வேண்டியதுதான்" என்றாள்.

அப்போதுதான் லண்டனிலிருந்து வீடியோ கேசட்டுகள் வந்தன.

பேரின்பநாதனுக்கு இங்கிலீஷ் என்றால் அது பிரிட்டிஷ்காரன் பேசுவது மட்டும்தான். அமெரிக்கர்கள் பேசுவது அவர் கணக்கில் ஒரு வியாதி. மகளுக்கு அது தொற்றிவிட்டது என்று கவலைப்பட்டு, லண்டனிலுள்ள மைத்துனரிடம், அங்கே டிவியில் பிள்ளைகளுக்கு நல்ல இங்கிலீஷில் வரும் நிகழ்ச்சி எதையாவது பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். மைத்துனர் நிகழ்ச்சியைப் பார்த்தாரோ இல்லையோ, பிள்ளைகள் நேரத்தில் வந்ததைப் பிடித்து ஒரு பெட்டி நிறைய அனுப்பினார். பேரின்பநாதன் ஆசையாக வீட்டு விசிஆரில் போட்டார். கோடு கோடாக ஓடியது. பிரிட்டிஷ் கேசட் அமெரிக்க மெஷினில் ஓடாது என்பது கெமிஸ்ட்ரியில் வராத பாடம். எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடும் மெஷினும் அதற்கேற்ற டிவியும் எங்கள் வகுப்பு அலமாரியில் மட்டுமே இருந்தன. பத்மநாபன் சிங்கப்பூரில் வாங்கி, வீட்டுக்குப் புதிது வந்ததும் பழையதை வகுப்புக்கு 'டொனேட்' செய்திருந்தார். டிவி தலையில் அவர் பெயரை ஒட்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் பேரின்பநாதன் கேசட்டுகளை வகுப்புக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை நானும் நேசமலரும் ஷாமினியும் அறையைத் திறந்து முதல் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். படம் பளிச்சென்று வந்தது. சத்தமும் வந்தது. ஆனால் அது என்ன நிகழ்ச்சி என்கிறீர்கள்? அத்தனையும் பேய். பேய் இல்லாவிட்டால் வேற்றுக் கிரகம். ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு தனி நாடகம், அதற்கென்று தனி ஆட்கள். ஒன்றில் நாளைக்கு வரவேண்டிய பஸ்ஸுக்காக இன்றைக்கே நிற்கும் ஒரு பெண். இன்னொன்றில் ஒரு பையனுக்குப் பதிலாக அவன் நிழல் பள்ளிக்கூடம் போகிறது. இதையா அந்த ஊரில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன். ஷாமினி கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

நேசமலர் டிவியைப் பார்க்கவில்லை, ஷாமினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இதைப் போட்டால் பிள்ளைகள் வருவார்கள். வந்து வாயை மூடிக்கொண்டு இங்கிலீஷ் கேட்டுவிட்டுப் போவார்கள். பொத்தானை அழுத்த ஒரு ஆள் போதும், அதற்கு சுவாமிநாதன் தாராளம். நான் இதை யோசிக்கும் முன்பே அவள் யோசித்து முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஷாமினிக்கு டிரையர் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. தன் வாக்மேன் இயர்போனை எடுத்து டிவியின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையில் சொருகினாள். சத்தம் அவள் காதுக்கு மட்டும் போனது. கொஞ்ச நேரம் கழித்து, கூட்டிப்போக வந்த கார் ஹாரன் அடித்தது என்று அப்படியே எழுந்து ஓடினாள். வயர் இழுபட்டு அறுந்தது. சொருகிய முனை ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. டிவியில் ஆட்கள் வாயை வாயை அசைத்தார்கள், சத்தம் இல்லை. முனை உள்ளே இருக்கும்வரை சத்தம் வெளியே வராது என்று எனக்கே புரிந்தது.

வீட்டிலிருந்து ட்வீசர் கொண்டுவந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். நேசமலர் என் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் விடும்."

"சவுண்ட் வராதே நேசம்."

"ஓம். வராது" என்றாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த வயர் மிச்சத்தைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினாள். பிறகு டிவியைத் துடைத்து மூடினாள். எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் வயர் முனைகளை ஓட்டையில் சொருகிச் சொருகியே சம்பளம் வாங்கியவள். எதைச் சொருகினால் யார் பேச்சு நிற்கும் என்பது அவளுக்கா தெரியாது?

மறுநாள் டிவி இருக்கிறது என்ற செய்தி பரவி, நின்றுபோன பிள்ளைகளில் பாதிப் பேர் வந்தார்கள். படம் ஓடியது. சத்தம் எங்கே என்று இங்கிலீஷில் கூச்சல். நேசமலர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற வெள்ளைக்காரப் பெண் வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் வந்தது. "ஐயோ, இந்த பஸ் எப்ப வரும்? நாளைக்கெண்டு போட்டிருக்கு, இண்டைக்கே வந்து நிண்டிட்டன்." அடுத்து கண்டக்டர் வாயைத் திறந்தார். அவருக்கு பத்மநாபனின் குரல், ஆக்சுவலி உட்பட. பிள்ளைகளுக்கு பத்மநாபனைத் தெரியும். அறை அதிர்ந்தது.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு கதையிலும் புது ஆட்கள், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நேசமலரால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருவன் திரையில் தோன்றினால் அவன் ஆருடைய மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவன் என்று தெரியாமல் அவளால் அவனைப் பேசவிட முடியாது. ஆகவே பஸ்ஸுக்கு நின்ற பெண்ணுக்கு, நிழலைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பையன் சித்தி மகன் ஆனான். அடுத்த வாரம் கலங்கரை விளக்கத்தில் செவ்வாய்க்கிரக ஆளைச் சந்தித்த கிழவர், இரண்டு பேருக்கும் தாய்மாமன். செவ்வாய்க்கிரக ஆளே அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் பேச வந்தவன்தான், சீதனத்தில் தகராறு. லண்டனில் யாரோ பாவம் தனித்தனியாக எழுதி எடுத்த நாடகங்களை, அவள் ஒரே குடும்பத்துச் சொத்துத் தகராறாக ஆக்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு இப்போது அடுத்த வாரம் வந்தே ஆகவேண்டும். மாமாவுக்கும் செவ்வாய்க்கிரகத்துக்கும் என்ன ஆச்சு என்று தெரியவேண்டுமே. கார்ட்டூன் கிடக்கட்டும் என்று வந்தார்கள்.

பத்மநாபன் சத்தம் ஏன் வரவில்லை என்று ஆராய வந்தார். வயர்களைப் பிடுங்கிச் சொருகினார். கேசட்டை முகர்ந்து பார்த்தார். கடைசியில் கரும்பலகையில் வரைந்து எங்களுக்கு விளக்கினார். பிரிட்டனில் ஒலி அலை ஆறு மெகாஹெர்ட்ஸில் வருமாம். சிங்கப்பூர் டிவி ஐந்தரைக்குத்தான் காது கொடுக்குமாம். "அரை மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்டா இருக்கு. இது டிசைன் ப்ராப்ளம், யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நாங்கள் இருவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டோம். டிவியின் பக்கவாட்டை அவர் பார்க்கவே இல்லை. அங்கே மெகாஹெர்ட்ஸ் எதுவும் இல்லையே.

எல்லாக் கதைகளிலும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது மாடியறை மனுசி கதை. ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிவருகிறது. மாடியறையில் ஒரு வயதான பெண் இருக்கிறாள். பிள்ளைகள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். கடைசியில் எல்லோரும் அறையைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறிப் போகிறார்கள், அவள் ஜன்னலில் நின்று ஏதோ சொல்கிறாள். முதல் முறை அந்த இடம் வந்தபோது நேசமலர் திரைக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு மெதுவாக, யாருடைய குரலும் இல்லாமல் தன் குரலிலேயே சொன்னாள். அந்த வசனம் வந்தால் வாலுப் பிள்ளைகள்கூட அசையாமல் இருக்கும். ஷாமினி அதை முணுமுணுத்துக்கொண்டே சொல்வதை நான் கவனித்திருக்கிறேன். அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவர் ஒருநாளும் வகுப்புப் பக்கம் வந்ததில்லை.

பிள்ளைகள் கூடியது பத்மநாபனுக்கு சந்தோஷமா, சங்கடமா என்று சொல்ல முடியவில்லை. தலைவருக்குப் பெருமை, மைத்துனருக்கு வேலை போயிற்று. ஆண்டு விழாவில் அந்த மாடியறைக் கதையையே போட்டுக் காட்டட்டும், பெற்றோர்கள் பார்த்துவிட்டு யார் வகுப்பெடுப்பது என்று சொல்லட்டும் என்றார். நேசமலர் அதற்காக ஒரு நீலப் புடவையை நாலு தடவை இஸ்திரி போட்டாள். தம்பி விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார் என்றாள். அதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் தெரிந்தது.

விழா கிளப்ஹவுஸின் பெரிய ஹாலில். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பழைய டிவியைக் காணோம். அதன் இடத்தில் மேஜை கொள்ளாத அளவுக்கு ஒரு புது டிவி. பத்மநாபன் தன் வீட்டிலிருந்து குளிக்கும் டவலில் சுற்றி, காரில் சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். "சர்ப்ரைஸ் மேடம். இது லேட்டஸ்ட் மாடல். ஆறு மெகாஹெர்ட்ஸும் வரும். இன்னிக்கு சவுண்டோட பார்க்கலாம்" என்றார்.

நான் நேசமலரைப் பார்த்தேன். ஏதாவது செய்யலாமா, வயரை மறைக்கலாமா என்று காதில் கேட்டேன். "இத்தினை சனத்துக்கு முன்னால என்னத்தைச் சொருகிறது?" என்றாள். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வழக்கமான இடத்தில், டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதல் வரிசையில் பேரின்பநாதன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்.

சத்தம் வந்தது. ஹால் முழுக்கக் கணீரென்று லண்டன் இங்கிலீஷ். பெற்றோர்கள் முகம் மலர்ந்தது. ஆகா, என்ன உச்சரிப்பு என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பேரின்பநாதன் கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். பத்மநாபன் ஆறு மெகாஹெர்ட்ஸ் ஜெயித்த பூரிப்பில் நின்றார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதை யாரும் பார்க்கவில்லை. நேசமலர் வாயை ஒருமுறை திறந்தாள், மூடிக்கொண்டாள். எனக்கு அந்த டிவியைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கலங்கரை விளக்க மாமா ஏன் இந்த வீட்டுக்கு வரவில்லை என்று ஒன்று கேட்டது. மாடியறை மனுசி திரையில் தோன்றினாள். அவள் யாருக்கும் அக்கா இல்லை, அத்தை இல்லை. பிள்ளைகளைப் பிடித்துத் தின்ன வந்த ஏதோ கிழட்டுச் சூனியக்காரி. குரலும் பழைய கேட் திறப்பதுபோல இருந்தது. கடைசியில் அறையைப் பூட்டியதும் ஜன்னலில் நின்று கெக்கலிக்கத் தொடங்கினாள்.

ஷாமினி எழுந்தாள். நேராக டிவிக்குப் போய் சத்தத்தை அடியோடு குறைத்தாள். பத்மநாபன் ஓடிவந்து கூட்டினார். அவள் மறுபடி குறைத்துவிட்டு, பொத்தானுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். பேரின்பநாதன் அதட்டலாக மகளின் பெயரைச் சொன்னார். அவள் அப்பாவைப் பார்த்தாள். பின்னால் திரையில் கிழவி வாயசைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசாத பெண், அத்தையின் தமிழில், ஒரு சொல் விடாமல் சொன்னாள்:

"என்னை விட்டிட்டுப் போறியள். பரவாயில்லை, போங்கோ. ஆனா ஆரும் கேட்டா, மறந்துபோனம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. மனமில்லை எண்டு சொல்லுங்கோ. அதை நான் தாங்குவன்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை இவ்வளவு தமிழ் பேசிவிட்டதே என்று பெற்றோர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். என்ன பேசினாள் என்று அவர்களுக்குக் கவலை இல்லை. பத்மநாபன் மைக்கைப் பிடித்து, இதுதான் நம் வகுப்பின் சாதனை, தாம் முதலிலிருந்தே சொல்லிவந்தது என்றார். சுவாமிநாதன் நல்ல மனிதர். இந்த அம்மா இருக்கும்போது எனக்கு இங்கே வேலை இல்லை என்று மைத்துனர் காதில் படும்படியே சொன்னார். ஹாலில் தட்டாமல் இருந்தது ஒரே ஒரு ஆள். பேரின்பநாதன் கைகளை முழங்காலில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு நிற்காமல் அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு அவளுக்குத்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஆனால் அவளை அனுப்புவதா வேண்டாமா என்பது தம்பி கையில் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் போன் செய்தபோதெல்லாம் யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நேசமலர் வரவில்லை. பழைய டிவி அலமாரிக்குத் திரும்பியிருந்தது. போதாததற்கு பத்மநாபன் ஸ்க்ரூ டிரைவர், டார்ச் சகிதம் வந்து நின்றார். விழாவில் ஜெயித்த உற்சாகம். இதையும் பின்பக்கம் திறந்து ஆறு மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடப் போகிறாராம். திறந்தால் ஓட்டைக்குள் இருக்கும் முனை கண்ணில் பட்டுவிடும்.

கதவு திறந்தது. முன்னால் ஷாமினி, பின்னால் நேசமலர், அவளுக்குப் பின்னால் பேரின்பநாதன். கோட்டு இல்லை, டை இல்லை. அக்காவின் பையை அவர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், கடைசி வரிசையில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்காரப் போனார். பத்மநாபன் விடவில்லை. சார், கொஞ்சம் டார்ச் பிடிங்க என்று கூப்பிட்டார்.

பேரின்பநாதன் டிவியின் பக்கத்தில் போய் நின்று டார்ச்சைப் பிடித்தார். பத்மநாபன் பின்னால் குந்தி ஸ்க்ரூவைத் தேடினார். வெளிச்சம் நகர்ந்து பக்கவாட்டில் விழுந்தது. அங்கேயே நின்றது. அந்தச் சின்ன ஓட்டையில் வெட்டுப்பட்ட கறுப்பு முனை, அதன் நுனியில் வயர் துணுக்கு. மகளுக்கு அவர் வாங்கிக் கொடுத்து, தொலைந்துபோனதாக அவள் சொன்ன இயர்போனின் நிறம்.

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். நேசமலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பேரின்பநாதன் கட்டைவிரலை அந்த முனையின் மேல் வைத்து, நன்றாக உள்ளே அழுத்தினார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

"டொக்டர், நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார். "இது பிரிட்டிஷ் சிஸ்டம். நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

பத்மநாபன் பின்னாலிருந்து எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, தாம் அன்றைக்கே கரும்பலகையில் போட்டுக் காட்டியதாகச் சொன்னார். பேரின்பநாதன் திரும்பிப் போய் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொடங்குங்கோ அக்கா" என்றார்.